ஏற்றத்தில் ஏறும் மாதிரித் தொடர்வண்டி

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் புனே வழியாக ஊருக்குப் புறப்படுகின்றன. வண்டி கர்ஜத் நிலையத்தை அடைந்ததும் சற்று நேரம் நிற்கும். நடைமேடையில் வடாபாவ் விற்போரின் குரல் ஓங்கி ஒலிக்கும். அவ்வேளையில் கடைசிப் பெட்டியில் அமர்ந்திருப்போர் மெல்லிய அதிர்வு ஒன்றை உணர்வர். வண்டியின் பின்புறத்தில் துணை எஞ்சின்கள் வந்து சேர்ந்ததன் அடையாளம் அது. முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னே துணை எஞ்சின்கள் தள்ள, வண்டி போர்காட் மலைப்பாதையில் லோணாவளாவை நோக்கி ஏறத் தொடங்கும்.

அம்மலைப்பாதை 1863-இல் திறக்கப்பட்டது. அதன் கடுமையான ஏற்றம் 37-இல் 1 ஆகும். அதாவது, வண்டி 37 மீட்டர் முன்னேறும்போது 1 மீட்டர் உயரம் ஏறுகிறது. மாடிப்படியோடு ஒப்பிட்டால் இஃது ஏற்றமே அன்று. மிதிவண்டி ஓட்டும் சிறுவன் ஒருவன் மூச்சு வாங்கியபடியேனும் இதில் ஏறிவிடுவான். அவ்வாறிருக்க, பல்லாயிரம் குதிரைத்திறன் கொண்ட எஞ்சினுக்குத் துணை ஏன் தேவைப்படுகிறது? இவ்வினாவுக்கு விடை காண மலைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒரு மாதிரித் தொடர்வண்டியும், ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையும், சில புத்தகங்களும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டுக் கூடத்திலேயே விடை கிடைத்துவிடும்.

தொடர்வண்டியின் சக்கரம் எஃகு, தண்டவாளமும் எஃகு. வழுவழுப்பான இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தொடும் இடமோ ஒரு நாணயத்தின் அளவே. இதனால்தான் தொடர்வண்டி சமதளத்தில் மிக எளிதாக உருள்கிறது. சமதளத்தில் அதனை உருட்டிச் செல்ல அதன் எடையில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு இழுப்பே போதுமானது. 50-இல் 1 என்னும் ஏற்றம் வந்துவிட்டால், எடையில் ஐம்பதில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். ஐந்நூற்றில் ஒன்று என்பது ஐந்நூற்றில் பதினொன்று ஆகிவிடுகிறது. கண்ணுக்குத் தென்படாத சிறு சாய்வு, எஞ்சினின் சுமையைப் பதினொரு மடங்காக்குகிறது! எளிதாக உருளும் பொருளுக்கு ஏற்றமே பெரும் பகை என்பது இதனால் விளங்கும்.

வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தைப் பற்றி இழுக்குமா என்னும் ஐயம், நீராவி எஞ்சின் தோன்றிய காலத்திலேயே எழுந்தது. 1812-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கருகே ஜான் பிளங்கின்சாப் என்பவர் தண்டவாளத்தின் ஓரத்தில் பற்கள் அமைத்து, அவற்றில் பொருந்தும் பற்சக்கரத்தால் எஞ்சினை ஓட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில், நியூகாசில் அருகே வைலாம் நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றிய வில்லியம் ஹெட்லி வேறு வழியைத் தேர்ந்தார். அவர் எஞ்சினைச் செய்வதற்கு முன் ஒரு சோதனை வண்டியைச் செய்தார். அவ்வண்டியின் மேல் ஆட்கள் நின்று கைப்பிடிகளைச் சுழற்றினால் சக்கரங்கள் சுழலும். வண்டியின் எடையைக் கூட்டியும் குறைத்தும், பின்னால் நிலக்கரிப் பெட்டிகளைச் சேர்த்தும், எப்போது சக்கரம் வழுக்குகிறது என்று அவர் கண்டறிந்தார். போதிய எடை இருந்தால் வழுவழுப்பான சக்கரமே போதும் என்பது உறுதியான பின்னரே ‘பஃபிங் பில்லி’ எஞ்சின் உருவானது. அது இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாதிரி வண்டியை வைத்துச் சோதிக்கும் மாணவர் செய்வதும் ஹெட்லி செய்த அதே வேலைதான். அளவு மட்டுமே சிறிது.

இந்திய மலைப்பாதைகள் இச்சிக்கலைப் பலவாறு தீர்த்துள்ளன. 1903-இல் திறக்கப்பட்ட கால்கா–சிம்லா பாதை, ஏற்றத்தை 33-இல் 1 என்னும் அளவுக்குள் அடக்கி, அதற்காக மலைகளைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. 1881-இல் உருவான டார்ஜிலிங் பாதையில் ஏற்றம் இன்னும் கடுமை. அங்கு நீராவி எஞ்சினின் முகப்பில் இருவர் அமர்ந்து, ஈரமான தண்டவாளத்தில் கையால் மணல் தூவிக்கொண்டே செல்வது வழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் நீலகிரிப் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறத்தாழ 12-இல் 1 ஆகும். அவ்விடத்தில் சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பிப் பயனில்லை. எனவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சின் வண்டியின் கீழ்ப்பக்கத்தில் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. விடுமுறையில் உதகைக்குச் செல்வோர் சன்னல் வழியே பள்ளத்தாக்கை மட்டும் பாராமல், குன்னூர் நிலையத்தில் இறங்கி அப்பற்சட்டத்தையும் ஒருமுறை பார்த்து வரலாம்.

இனி மாதிரி வண்டிக்கு வருவோம். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் மாதிரி அளவு ‘எச்ஓ’ எனப்படும். உண்மை வண்டியின் 87-இல் 1 பங்கு அளவினது அது. அதன் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 16.5 மில்லிமீட்டர். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 87-இல் ஒரு பங்காகக் குறைவதால், எடை 87 × 87 × 87 என்னும் கணக்கில், அதாவது 6,58,503-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நம் நாட்டின் டபிள்யூஏபி–7 மின்சார எஞ்சின் 123 டன் எடையுள்ளது. அக்கணக்கின்படி அதன் மாதிரி ஏறத்தாழ 187 கிராமே இருக்க வேண்டும். இரண்டு ஆப்பிள் பழங்களின் எடைகூட இல்லை. இவ்வளவு இலேசான எஞ்சினால் தண்டவாளத்தை இறுகப் பற்ற இயலாது. ஆதலால் மாதிரி எஞ்சின் செய்வோர் அதனுள் உலோகக் கட்டிகளை வைத்து எடையைக் கூட்டுகின்றனர். அளவில் உண்மையாக இருப்பதா, வேலையில் உண்மையாக இருப்பதா என்னும் கேள்வி வந்தால், மாதிரி வண்டி செய்வோர் வேலையின் பக்கமே நிற்கின்றனர், அதுவே சரி.

ஒரு பள்ளியின் அறிவியல் மன்ற மாணவர்கள், கண்காட்சிக்காகச் சிறிய இருப்புப்பாதை ஒன்றை அமைக்க எண்ணுகின்றனர் எனக் கொள்வோம். அவர்களிடம் இருப்பது ஒரே ஓர் ஒட்டுப்பலகை. நீளம் 244 செ.மீ., அகலம் 122 செ.மீ. எட்டு என்னும் எண்ணின் வடிவில் பாதை செல்ல வேண்டும். நடுவில் ஒரு பாதை மற்றொன்றின் மேல் பாலமாகக் கடக்க வேண்டும். பத்துப் பெட்டிகள் கொண்ட வண்டி ஓட வேண்டும். இது அவர்கள் விருப்பம். பார்ப்பதற்கு அழகிய திட்டந்தான். ஆனால் பலகையை அறுத்து, பாலம் கட்டி, காகிதக்கூழால் மலை எழுப்பி, வண்ணம் பூசிய பின்பு வண்டி ஏற மறுத்தால் என்ன செய்வது? கண்காட்சிக்கு முதல் நாள் மாலையில் அந்த உண்மை தெரிய வருமாயின், மலையை உடைப்பதைத் தவிர வேறு வழியிராது. ஆகவே மலைக்கு முன் சோதனை வேண்டும்.

முதலில் பெட்டியைச் சோதிக்க வேண்டும். ஒரு மீட்டர் பலகையின் மேல் நேரான தண்டவாளத்தைப் பொருத்தி, ஒரு முனையின் கீழ் மெல்லிய நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்து உயர்த்த வேண்டும். மேல்முனையில் ஒரு பெட்டியை வைத்து விரல் நுனியால் மெல்லத் தள்ளிவிட வேண்டும். சாய்வு போதாவிடில் பெட்டி சற்று ஓடி நின்றுவிடும். சாய்வு மிகுந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும். வேகம் கூடாமலும் குறையாமலும் பெட்டி ஒரே சீராக உருளும் சாய்வு ஒன்று இடையில் உண்டு. அச்சாய்வே அப்பெட்டியின் உருள்தடையைக் காட்டுகிறது. 100 செ.மீ. நீளத்துக்கு 2 செ.மீ. உயர்த்தியபோது அது நிகழ்ந்தது எனில், உருள்தடை எடையில் ஐம்பதில் ஒரு பங்கு என்று பொருள். 100 கிராம் பெட்டியாயின் அத்தடை 2 கிராம் எடைக்கு ஈடாகும். ஒரு பெட்டி மட்டும் மற்றவற்றைவிட அதிகச் சாய்வு கேட்குமாயின், அதன் அச்சில் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கக் கூடும். இத்தகைய குறும்புக்காரப் பெட்டி ஒன்று பெரும்பாலும் எல்லாத் தொகுதியிலும் இருக்கும். அதனைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவது நன்று.

அடுத்தது எஞ்சின். சமமான மேசையின் ஓரத்தில் எளிதாகச் சுழலும் கப்பி ஒன்றைப் பொருத்தி, எஞ்சினின் கொக்கியில் கட்டிய நூலை அதன் மேல் செலுத்தி, நூலின் மறுமுனையில் காகிதக் கோப்பை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். எஞ்சின் மேசையின் உட்புறம் நோக்கி நகரும்போது கோப்பை மேலே எழும். கோப்பையில் நாணயங்களை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்று சக்கரங்கள் மட்டும் சுழலும். அப்போது கோப்பையையும் நாணயங்களையும் சமையலறைத் தராசில் நிறுக்க வேண்டும். ஒரே மதிப்புள்ள நாணயங்கள்கூட வெளியான ஆண்டுக்கேற்ப எடையில் வேறுபடுவதால், எண்ணிக்கையை மட்டும் நம்புதல் ஆகாது. சோதனையை மூன்று முறை செய்து சராசரி காண வேண்டும். சோதனைக்கு முன் தண்டவாளத்தை உலர்ந்த துணியால் துடைக்க மறத்தல் கூடாது. விரலில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கே பிடிப்பைக் குறைத்துவிடும்.

மாணவர்களின் எஞ்சின் 300 கிராம் எடையுள்ளது என்றும், 60 கிராம் வரை இழுத்த பின் வழுக்கியது என்றும் கொள்வோம். எடையில் ஐந்தில் ஒரு பங்கு இழுப்பு என்பது உலோகச் சக்கரத்துக்குப் பொருத்தமான அளவே. ஒவ்வொரு பெட்டிக்கும் 2 கிராம் இழுப்புத் தேவை. ஆகவே சமதளத்தில் இந்த எஞ்சின் 30 பெட்டிகளை இழுக்கும். பத்துப் பெட்டிகள் எம்மாத்திரம் என்று மாணவர்கள் மகிழ்வதில் வியப்பில்லை.

இப்போது ஏற்றத்தைச் சேர்த்துப் பார்ப்போம். 50-இல் 1 ஏற்றத்தில் எஞ்சின் தன்னையே மேலேற்றிக்கொள்ள 300-இல் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 6 கிராம் செலவாகும். எஞ்சியது 54. ஒவ்வொரு பெட்டிக்கும் உருள்தடைக்கு 2, ஏற்றத்துக்கு 2, ஆக 4 கிராம் தேவை. 13 பெட்டிகள் மட்டுமே ஏறும். 25-இல் 1 ஏற்றத்தில் எஞ்சினுக்கே 12 செலவாகி 48 எஞ்சும்; பெட்டிக்கு 6 வீதம் 8 பெட்டிகள். நீலகிரிப் பாதையைப் போன்ற 12.5-இல் 1 ஏற்றத்தில் 24 போக 36 எஞ்சும். பெட்டிக்கு 10 வீதம் மூன்றே பெட்டிகள். முப்பது, பதின்மூன்று, எட்டு, மூன்று! சமதளத்திலிருந்து 50-இல் 1 என்னும் சிறிய ஏற்றத்துக்கு வந்தவுடனேயே பாதிக்கு மேற்பட்ட பெட்டிகள் கழன்றுவிட்டன என்பது இங்கே கவனிக்கத்தக்கது. கர்ஜத் நிலையத்தில் துணை எஞ்சின் சேர்க்கப்படுவதன் கணக்கும் இதுவே.

அம்மாணவர்களின் பலகையில் எவ்வளவு ஏற்றம் அமையும்? வளைவின் ஆரம் 45 செ.மீ. எனில், எட்டு வடிவப் பாதையின் முழு நீளம் ஏறத்தாழ 600 செ.மீ. அதில் பாதி ஏறுவதற்கு, பாதி இறங்குவதற்கு. வண்டியின் உயரமும் பாலத்தின் தடிப்பும் சேர 8 செ.மீ. உயரம் வேண்டும். ஏறும் 300 செ.மீ. முழுவதையும் சாய்வாக்க இயலாது. பாலத்தின் மேலும் கீழும் சிறிது சமதளம் வேண்டும். சாய்வு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பாதை மெல்ல வளைந்து செல்ல வேண்டும். திடீரென முறிந்தால் எஞ்சினின் சில சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும், கொக்கிகளும் கழன்றுவிடும். இவற்றுக்காக 60 செ.மீ. கழித்தால் 240 எஞ்சுகிறது. 240-இல் 8 என்பது 30-இல் 1. அந்த ஏற்றத்தில் எஞ்சினுக்கு 10 கிராம் போக 50 எஞ்சும்; பெட்டிக்கு 5.3 கிராம் வீதம் ஒன்பது பெட்டிகள் ஏறும். விரும்பியது பத்து, கிடைப்பது ஒன்பது. ஒன்றுதானே குறைகிறது என்று மலையைக் கட்டத் தொடங்கிவிடுவது பெருந்தவறாகும்.

ஏனெனில் இதுவரை செய்த சோதனைகள் அனைத்தும் நேரான தண்டவாளத்தில் நிகழ்ந்தவை. எட்டு வடிவப் பாதையிலோ பத்தில் ஏழு பங்கு வளைவு. வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டில் உரசுகிறது. ஓர் அச்சில் பிணைந்த இரு சக்கரங்களுள் வெளிச்சக்கரம் அதிகத் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் செல்ல வேண்டியிருப்பதால் அவை இழுபடுகின்றன. வளைவு சிறிதாகச் சிறிதாக இத்தடை பெருகும். சிறிய பலகையில் அமைக்கும் பாதைக்கு இதுவே மறைந்திருக்கும் இடர். எனவே மூன்றாவது சோதனை, பாதையில் வரவிருக்கும் அதே வளைவை, அதே சாய்வில், மரத்துண்டுகளின் மேல் தற்காலிகமாக அமைத்துச் செய்யப்பட வேண்டும். ஆணி அடித்தல் கூடாது, ஒட்டுநாடா போதும். வளைவினால் பெட்டிக்கு 1 கிராம் தடை கூடினால், 50-ஐ 6.3-ஆல் வகுக்க, ஏழு பெட்டிகளே ஏறும்.

இச்சோதனையில் வண்டி நின்றுவிட்டால், எவ்வாறு நின்றது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். சக்கரங்கள் சுழன்றுகொண்டே வண்டி நகராமல் இருந்தால் குறை பிடிப்பில் உள்ளது. எஞ்சினுள் இன்னும் சிறிது எடை வைக்கலாம், அல்லது சக்கரத்தில் ரப்பர் வளையம் பொருத்தலாம். ஆனால் ரப்பர் அணிந்த சக்கரம் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தைப் பெறாது என்பதால், எல்லாச் சக்கரங்களுக்கும் அதை அணிவித்தல் இயலாது. சக்கரங்களும் சேர்ந்து அசையாமல் நின்றுவிட்டாலோ குறை மோட்டாரின் ஆற்றலில் உள்ளது. அப்போது உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுழலாமல் நிற்கும் மோட்டார் விரைவில் சூடேறிக் கருகிவிடும். இங்கே எடையைக் கூட்டுவது நோயை மிகுவிப்பதாகும். வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போதே வேகம் படிப்படியாகக் குறைந்தால், நீண்ட தண்டவாளத்தின் இணைப்புகளில் மின்னழுத்தம் குறைவதும் காரணமாகலாம். பாதையின் தொலைவான பகுதிக்குத் தனியே ஒரு கம்பி இணைத்தால் அது தீரும்.

ஓடும் வண்டி ஏறிவிட்டது என்பதனால் சோதனை முடிந்துவிடாது. ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்தே மீண்டும் கிளப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டத்தின் வேகத்தால் ஏறிய வண்டி, நின்று கிளம்பும்போது ஏற மாட்டாமல் போவதுண்டு. ஏழு பெட்டிகள் இச்சோதனையில் தோற்று ஆறு பெட்டிகள் வென்றால், ஆறு என்பதே அப்பாதையின் உண்மையான அளவு. இலேசான பெட்டிகளை எஞ்சினுக்கு அடுத்து வைத்தலும் ஆகாது. பின்னே உள்ள கனமான பெட்டிகள் இழுக்க, முன்னே எஞ்சின் இழுக்க, நடுவில் அகப்பட்ட இலேசான பெட்டி வளைவின் உட்புறமாகச் சாய்ந்துவிடும்.

பத்துப் பெட்டி விரும்பிய மாணவர்களுக்கு ஆறு பெட்டி என்பது ஏமாற்றமாகவே இருக்கும். அவர்கள் முன் சில வழிகள் உள்ளன. பாலத்தைக் கைவிட்டுப் பாதையைச் சமதளத்தில் அமைக்கலாம். கண்காட்சியில் அதனைப் பார்க்க யாரும் நெடுநேரம் நிற்கமாட்டார்கள். இன்னொரு பலகை வாங்கிச் சாய்வை நீட்டலாம். பணமும் இடமும் வேண்டும். ‘என்’ எனப்படும், 160-இல் 1 அளவுள்ள சிறிய வண்டிக்கு மாறலாம். அதே பலகை அதற்குப் பெரிய நிலமாகிவிடும், ஆனால் கையிலுள்ள வண்டி வீணாகும். எஞ்சியுள்ள வழி, கர்ஜத்தில் நிகழ்வதைப் போன்று பின்னால் இன்னோர் எஞ்சினைச் சேர்ப்பது. இரண்டு எஞ்சின்களும் ஒரே வேகத்தில் ஓடுபவையாக இருத்தல் வேண்டும். பின்னுள்ளது விரைந்தால் நடுப்பெட்டிகள் வளைவில் தடம்புரளும். மும்பையிலிருந்து ஊருக்குச் சென்று வந்த மாணவர் எவரேனும் அக்குழுவில் இருப்பின், நான்காவது வழியையே முதலில் சொல்லுவார்.

இறங்கும் சோதனை ஒன்று மட்டும் மீதமுள்ளது. எஞ்சின் மோட்டாரின் தண்டில் திருகாணி போன்ற பல் அமைப்பு உண்டு. அது சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் அதனைச் சுழற்ற முடியாது. ஆகவே எஞ்சின் தானாக உருண்டோடாது. பெட்டிகளுக்கு அத்தகைய தடை எதுவுமில்லை. ஏறும்போது கடைசிப் பெட்டியின் கொக்கி கழன்றால், அது 240 செ.மீ. சரிவிலும் வேகம் பெருகிக் கீழே வரும். சோதனையின்போது சரிவின் அடியில் ஒரு பழைய தலையணையை வைத்திருத்தல் நலம்.